ஆர்கனோடு நான் போட்ட சக்களத்திச் சண்டை

எனக்கு வாய்த்த போட்டிக்காரன் கூடத்துச் சுவரில் பாதி உயரம் இருப்பான். உடம்பெல்லாம் ஈயக் குழாய். மனுஷனாக இருந்தால் ஒரு கை பார்த்திருக்கலாம். இதை எதிரே நின்று முறைத்தாலும் திருப்பி முறைக்காது.

ஐம்பதுகளின் கடைசியில் நான் சிங்கப்பூரில் ஓர் இசைப்பள்ளியில் கிராணி, அதாவது குமாஸ்தா. கட்டண ரசீது எழுதுவதும் கூடத்துச் சாவியை வைத்திருப்பதும்தான் என் சங்கீத ஞானம். அந்தக் கூடத்தில் இருந்தது குழாய் ஆர்கன். ஒரு தேவாலயத்துக்காக இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்ததாம். ஜப்பான்காரன் காலத்தில் சில குழாய்களை யாரோ உருக்குவதற்குக் கொண்டுபோய்விட்டார்கள். சண்டை ஓய்ந்ததும் தேவாலயம் புதிதாக ஒன்றை வாங்கிக்கொண்டு, இந்தப் பொக்கைவாய்க் கிழத்தை எங்கள் பள்ளிக்குத் தள்ளிவிட்டது.

அதை வாசிக்கத் தெரிந்தவள் பியானோ சொல்லிக்கொடுத்த யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருத்திதான். அவளைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை. அவளுக்கோ வகுப்பு முடிந்தால் ஆர்கன்தான்.

ஊர் ஈரத்தில் மரம் ஊறி, வாசிக்கும் கட்டைகள் ஒட்டிக்கொள்ளும். அதனால் உள்ளே சூடு இருக்க, அதன் வயிற்றுக்குள் எப்போதும் ஒரு பல்பு எரிய வேண்டும் என்பது அவள் உத்தரவு. காலையில் என்னைப் பார்த்ததும் கேட்பது அதுதான்: "பல்பு எரியுதோ?"

ஒரு நாள் மழையில் நனைந்து, காய்ச்சலோடு உட்கார்ந்திருந்தேன். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நேராகப் போய் ஆர்கனின் பக்கக் கதவைத் திறந்து, உள்ளே கைவைத்துப் பார்த்தாள். "பாவம், குளிர்ந்து போயிட்டுது," என்றாள். எனக்குக் காய்ச்சல் இன்னும் ஒரு டிகிரி ஏறியது.

சிராங்கூன் ரோட்டுக் காப்பிக்கடையில் கூட்டாளியிடம் புலம்பினேன்.

"ஏண்டா, போயும் போயும் ஒரு பொட்டிகூடவா சக்களத்திச் சண்டை?"

"பொட்டியா? பக்கத்துல நின்னு பாரு, நீதான் பொட்டி மாதிரி தெரிவே."

"அவங்ககிட்ட நேரா கேட்டுரு லா."

கேட்டேன். "மிஸ், நம்ம கல்யாணத்தைப் பத்தி..." என்று தொடங்கியதும், அவள் ஆர்கனின் மிதிகட்டையைக் காலால் அழுத்திப் பெரிய குழாயை ஒலிக்கவிட்டாள். தரையே அதிர்ந்தது.

"என்ன சொன்னீங்கள்? கேக்கேல்லை."

"ஜன்னலைச் சாத்தட்டுமான்னு கேட்டேன்," என்றேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் பள்ளி சிறிய கட்டடத்துக்கு மாறியது. அங்கே ஆர்கனுக்கு இடமில்லை. பினாங்கில் ஒரு தேவாலயம் அதை எடுத்துக்கொண்டது. அன்றே கூட்டாளிக்கு மட்டன் பிரியாணி வாங்கிக்கொடுத்தேன். குழாய்களைக் கழற்றி, வைக்கோல் வைத்துப் பெட்டிகளில் அடுக்கியபோது, ஆணி அடிக்க நானே முந்திக்கொண்டேன். அப்படியொரு சுறுசுறுப்பை அந்தப் பள்ளி என்னிடம் கண்டதில்லை.

அவள் வந்து நின்றாள். அழுவாள், ஆறுதல் சொல்லலாம் என்று கைக்குட்டையைத் துவைத்து மடித்து வைத்திருந்தேன்.

"பினாங்கில எனக்கு ஆர்கன் வாசிக்கிற வேலை தந்திருக்கினம். நானும் போறன்."

சுத்தியல் என் கட்டைவிரலில் இறங்கியது. கைக்குட்டை எனக்கே பயன்பட்டது. அதை விரலில் சுற்றிவிட்டுக்கொண்டே அவள் கேட்டாள்:

"நீங்களும் வாறீங்களோ? கலியாணம் கட்டிக்கொண்டே போவம்."

"அங்கயும் இது இருக்குமே?"

"ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அதுக்கு."

"மிச்ச நாளெல்லாம் எனக்கா?"

"சனிக்கிழமை பழகிப் பாக்கவேணும். வியாழக்கிழமை பாடுற ஆக்கள் வருவினம்."

இன்னும் பேரம் பேசினால் வெள்ளிக்கிழமையும் போய்விடும் என்று பயமாக இருந்தது. "வர்றேன்," என்றேன். அடுத்த ஆணியை அவளே அடித்தாள்.