திறப்புக்குப் பூசை

நயினாதீவுக்குக் கார் போகாது. அதன் திறப்புத்தான், சாவிதான், போகும். லண்டனில் படிக்கும்போது லைசென்ஸ் எடுத்தவன் நான். விடுமுறைக்கு வந்து ஊரில் முதன்முதலாக ஓட்டுவது அத்தானின் மொறிஸ் மைனரை. அம்மாவின் சொற்படி அதைக் குறிகட்டுவான் துறையில் பூட்டிவிட்டு, திறப்பை வள்ளத்தில் கொண்டுபோய்க் கோயிலில் அம்மாள் காலடியில் வைத்துத் திரும்புகிறேன்.

துறையில் யாழ்ப்பாண பஸ் திரும்ப வழியில்லாமல் நிற்கிறது. குறுக்கே என் கார். ஓலைக் கடகத்தில் மீனோடு வெயிலில் நிற்கும் ஒருத்தி என்னையும் என் கையிலுள்ள திறப்பையும் பார்க்கிறாள்.

"உம்மடை காரோ தம்பி? இந்தத் துறையிலை ஆரும் ஹாண்ட்பிறேக் போடுறேல்லை. போடாமல் விட்டிருந்தால் நாங்களே தள்ளி விட்டிருப்பம்."

"லண்டனிலை அப்பிடித்தான் பழக்கினவை, அக்கா."

"நீர் திறப்பை அம்மாளிட்டைக் கொண்டு போனனீர். பழுதாப்போன மீனை நான் ஆரிட்டைக் கொண்டு போறது?"

காரில் ஏறுகிறேன். குங்குமம் ஒட்டிய திறப்பைத் திருகுகிறேன். கார் குலுங்கி நின்றுபோகிறது. மறுபடியும் அப்படியே. ஒருவராவது சிரித்திருக்கலாம். பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கி வந்து காரின் பின்னால் கை வைக்கிறார்கள். கடகத்தை இறக்கிவைத்துவிட்டு அவளும் வருகிறாள்.

"தம்பி, இப்பவெண்டாலும் பிறேக்கை எடும்."