கீழ்ப்படிச் சொற்கள்

பதினொரு வயதில் எனக்குத் தெரியாத ஆங்கிலம் இல்லை. இதை நான் மட்டும் சொல்லவில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசையாக இருந்த பன்னிரண்டு வீடுகளும் சொல்லும். எல்ல ஊரைச் சுற்றிப் பார்க்க வரும் வெள்ளைக்காரர்கள் ரயில் பாதையில் நடந்து வழி தவறி எங்கள் தோட்டத்துக்குள் ஏறிவிட்டால், “பாப்பாவக் கூப்புடு” என்றுதான் முதல் குரல் கேட்கும். நான் போய் இரண்டு கைகளையும் நீட்டி நீட்டி வழி சொல்லி அனுப்பிவிட்டு வருவேன். அவர்கள் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்களா என்று யாரும் விசாரித்ததில்லை. பண்டாரவளையில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஆங்கிலப் பேச்சுப் போட்டியில் மூன்றாம் பரிசு வேறு வாங்கியிருந்தேன். போட்டியிட்டவர்கள் மொத்தம் நான்கு பேர் என்பதை வீட்டில் சொல்லவில்லை.

அந்தப் புகழ் உச்சத்தில் இருந்தபோதுதான் அத்தைக்கு லண்டன் மாப்பிள்ளை வந்தது.

அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. உயர்தர வகுப்புவரை படித்துத் தேறிவிட்டு, தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுச் செல்லும் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆசிரியர் வேலைக்கு இருந்த எல்லாப் பரீட்சையும் எழுதி, கடைசியில் நேர்முகத் தேர்வுக்கும் போய்விட்டு வந்து, நியமனக் கடிதத்துக்காகக் காத்திருந்தாள். தபால்காரர் வரும் நேரத்தில் அவள் வாசலில் துணி காயப்போடுவாள். மழை பெய்தாலும் காயப்போடுவாள்.

மாப்பிள்ளை வீட்டார் பதுளை டவுனில் கடை வைத்திருந்தவர்கள். லயத்துப் பெண்ணைக் கேட்டு டவுனிலிருந்து வருவதே பெரிய விஷயம். அதிலும் லண்டன். அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்கிறவர், ஒரு வாரம் மாடியிலிருந்து இறங்காதவர் போலவே நடந்தார்.

“எனக்கு இப்ப வேணாண்ணே. வேல வரட்டும்” என்று அத்தை ஒரே ஒரு தடவை சொன்னாள்.

“வேல வர்றப்ப வரட்டும். மாப்பிள்ள அதுவரைக்கும் வாசல்ல நிப்பாரா?” என்றார் அப்பா. பேச்சு அதோடு முடிந்தது. எங்கள் வீட்டில் அப்பா கேள்வி கேட்டால் அதற்குப் பதில் கிடையாது என்று அர்த்தம்.

மாப்பிள்ளைக்கு ஒரு விசித்திரமான ஆசை இருந்தது. சிறு வயதிலேயே போய்விட்டதால் அவருக்குத் தமிழ் வாசிக்க வராதாம். படத்தைப் பார்த்து முடிவு செய்கிற ஆளும் இல்லையாம். பெண் எப்படிப்பட்டவள் என்று ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பச் சொன்னார் என்று கல்யாணத் தரகர் வந்து சொன்னார். அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் அம்மாவும் பண்டாரவளைச் சந்தைக்குக் கிளம்பினார்கள். போகும்போது அப்பா நான்கு விஷயங்களை விரல் விட்டுச் சொன்னார். பெண் ஒல்லியான உடம்பு, எளிமையானவள், உறுதியானவள், சிக்கனமானவள். “இத நல்லா விரிச்சு எழுது” என்றார்.

நல்ல வேளையாக அந்த வாரம்தான் ஆங்கில டீச்சர் எங்களுக்கு ஒரு பாடம் நடத்தியிருந்தார். கரும்பலகையில் ஒரு படிக்கட்டு வரைந்து, ஒரே பொருள் போலத் தோன்றும் சொற்களை ஒவ்வொரு படியிலும் ஒவ்வொன்றாக எழுதிக் காட்டினார். மேல்படிச் சொல் ஆளைப் புகழும். நடுப்படிச் சொல் உள்ளதைச் சொல்லும். கீழ்ப்படிச் சொல் காலை வாரிவிடும். நான் அதே படிக்கட்டை ஒரு தாளில் வரைந்து அத்தைக்குப் பாடம் எடுத்தேன். ஒல்லிக்கு மேலே ஸ்லிம், நடுவில் தின், கீழே ஸ்கின்னி. உறுதிக்கு மேலே ஃபர்ம், கீழே ஸ்டபர்ன். சிக்கனத்துக்கு மேலே த்ரிஃப்டி, கீழே ஸ்டிஞ்சி.

அத்தை கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். இவ்வளவு கவனமான மாணவி எந்த டீச்சருக்கும் கிடைக்க மாட்டாள். “ஸ்கின்னின்னா கேட்கிற ஆளுக்கு எப்புடி இருக்கும்?” “ஸ்டபர்ன்னா சும்மா பிடிவாதமா, ரொம்பப் பிடிவாதமா?” என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். நானும் சளைக்காமல் விளக்கினேன். பிறகு மேல்படிச் சொற்களை எழுதப் பேனாவைத் திறந்தேன்.

“இரு, பாப்பா” என்றாள் அத்தை. “யாராவது வீட்டுக்கு வந்தா உங்கப்பா என்னா சொல்றாரு?”

“நம்ம குடிசைக்கு வாங்கன்னு சொல்லுவாரு.”

“இது குடிசையா?”

“இல்ல. தகரக் கூரை போட்ட லயம்.”

“பொறவு ஏன் அப்புடிச் சொல்றாரு? நம்மளப் பத்தி நாமளே சொல்றப்ப ஒரு படி கீழதான் சொல்லணும். அதுதான் மரியாத. மேல்படிச் சொல்லா எழுதுனா, பாரு, எவ்வளவு பெரும பிடிச்ச குடும்பம்னு நெனைக்க மாட்டாங்களா?”

எனக்கு வெட்கமாகிவிட்டது. இது டீச்சருக்குக்கூடத் தோன்றவில்லையே! உடனே கீழ்ப்படிச் சொற்களை முத்து முத்தாக எழுதினேன். எளிமைக்கு மட்டும் கொஞ்சம் யோசனை. மேலே சிம்பிள் இருந்தது. கீழே பிளேன். அகராதியில் பிளேனுக்கு ‘அழகற்ற’ என்றும் போட்டிருந்தது. அதை நான் நம்பவில்லை. காலையும் மாலையும் மொத்தத் தோட்டமும் குடிப்பது பால் சேர்க்காத பிளேன்டீ. அதில் என்ன அழகு குறைந்துவிட்டது? கலப்பில்லாதது என்றுதான் பொருள் இருக்க வேண்டும் என்று அத்தையிடம் சொன்னேன்.

“நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றாள் அத்தை.

சாயங்காலம் அப்பா தாளை வாங்கி, எழுத்தின் வரிசையைப் பார்த்துப் பூரித்தார். வாசித்துக் காட்டச் சொன்னார். நான் எழுந்து நின்று, போட்டியில் பேசியது போல ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். அவருக்குப் பிடிபட்டது ஒரே சொல்.

“பிளேனா? பிளேன்டீ பிளேனா?”

“ஆமாப்பா.”

“நல்லாருக்கு” என்று தலையாட்டி, தாளை மடித்துத் தரகரிடம் கொடுத்தார்.

இரண்டு வாரம் கழித்துத் தரகர் வந்தார். உட்காரவில்லை. அம்மா கொடுத்த பிளேன்டீயையும் வாங்கவில்லை.

“என்னாங்க இது, கூடப் பொறந்தவள இப்புடியா எழுதுறது? எலும்பும் தோலுமா இருப்பா, மூஞ்சி பாக்க நல்லாருக்காது, பிடிவாதக்காரி, மகா கஞ்சம்னு எழுதியிருக்காம். லண்டன்ல அந்தப் பையன் ஆள் ஆளா வாசிச்சுக் காட்டிச் சிரிக்கிறானாம். எனக்கு இனிப் பதுளைப் பக்கம் தலகாட்ட முடியுமா?”

அவர் போனதும் அப்பா என் பக்கம் திரும்பினார். “யாரு சொல்லி இப்புடி எழுதுன?”

அத்தை அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவள் கை அப்படியே நின்றுவிட்டதைப் பார்த்தேன். எனக்காகப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். அத்தை சொல்லித்தான் எழுதினேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்றாம் பரிசு வாங்கியவள், ஆங்கிலம் தெரியாத ஒருத்தி சொல்லி ஆங்கிலம் எழுதினேன் என்று எப்படிச் சொல்வது?

“நானேதான் எழுதுனேன்” என்றேன்.

அப்பா அடிக்கவில்லை. மூன்று நாள் என்னோடு பேசவில்லை, அவ்வளவுதான். “சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்” என்று அம்மா என் ஆங்கிலத்தை ஒரு மாதம் இடித்துக் காட்டினாள். அதற்குப் பிறகு வழி தவறிய வெள்ளைக்காரர் வந்தால், மேல் லயத்துப் பையனைக் கூப்பிட்டார்கள். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட வலித்தது. அத்தை மட்டும் தினமும் என் தலையை வாரிப் பின்னிவிட்டாள். தன் பங்கு மீனையும் என் தட்டில் வைத்தாள்.

அந்த வருடக் கடைசியில் நியமனக் கடிதம் வந்தது. கொஸ்லந்தப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடம். என்ன பாடம் என்று நான் கேட்கவே இல்லை. வேலைக்குப் போக இரண்டு சேலை வாங்க அத்தை என்னையும் பண்டாரவளைக்குக் கூட்டிப்போனாள். திரும்பும்போது புத்தகக் கடையில் ஏறி, எனக்கு ஒரு தடித்த ஆங்கில அகராதி வாங்கினாள். பஸ் நிலையத்தில் உட்கார்ந்து, அதன் முதல் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி நீட்டினாள். என் கெட்டிக்காரப் பிள்ளைக்கு, உன் கன்னிங் அத்தை.

எழுத்து என்னுடையதைவிட நன்றாகத்தான் இருந்தது. சொல்தான் தப்பு.

“அத்தை, கன்னிங்னா தந்திரக்காரி. அது கீழ்ப்படிச் சொல்லு. க்ளெவர்னு எழுதணும்.”

“நம்மளப் பத்தி நாமளே சொல்றப்ப கீழ்ப்படிதானே பாப்பா?”

“இங்கிலீசுல அப்புடிக் கெடையாது அத்தை. நான் ஒரு தடவ பட்டது போதாதா?”

அவள் கையிலிருந்து பேனாவை வாங்கி, கன்னிங்கை அடித்துவிட்டு மேலே க்ளெவர் என்று எழுதினேன். அத்தை கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பிறகு என்னை இழுத்து, அத்தனை பேர் பார்க்க, நெற்றியில் முத்தம் கொடுத்தாள். இவ்வளவு சொல்லிக் கொடுத்தும் அத்தைக்கு இந்தச் சொற்களின் வித்தியாசம் பிடிபடவில்லையே, போகிற இடத்தில் எப்படித்தான் பாடம் நடத்தப் போகிறாளோ என்று, பஸ் ஏறும்வரை நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.