கிணற்றைவிட்டுப் போன விலாங்கு

தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கும் கிணற்றுக்கென்று ஒரு வாடை உண்டு. வெயிலில் காய்ந்த பாசியும் செத்த நண்டும் மோட்டாரிலிருந்து ஒழுகிய கிரீசும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறினால், எந்தக் கிணறானாலும் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று இன்றும் எட்டிப் பார்த்துவிடுவேன். தாராபுரத்துக்குக் கிழக்கே, அமராவதி ஆற்றை ஒட்டி எங்களுக்கு இருந்தது கொஞ்சம் நிலமும் ஒரு கிணறும்தான். கிணற்றில் தண்ணீர் இருந்தால் மஞ்சள் போடலாம், இல்லாவிட்டால் அப்பா திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போயாக வேண்டும். இப்படிப்பட்ட வீட்டில் நான் பயந்தாங்கொள்ளியாக வளர்ந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

எங்கள் பக்கத்தில் புதுக் கிணறு வெட்டினால், ஆற்றிலிருந்து விரல் நீள விலாங்குக் குஞ்சு ஒன்றைப் பிடித்துவந்து அதில் விட்டுவிடுவார்கள். பாம்பு மாதிரி நீண்டு வழவழவென்றிருக்கும் அந்த மீனைக் "கெணத்துக் காவலு" என்பார்கள். பூச்சி, தவளை, நண்டு என்று அகப்பட்டதையெல்லாம் தின்று தண்ணீரைக் கெடாமல் பார்த்துக்கொள்ளுமாம். சேற்றுக்குள் புகுந்து புறப்பட்டு, தண்ணீர் ஊறிவரும் "ஊத்துக்கண்ணு" அடைபடாமலும் வைத்திருக்குமாம். எங்கள் கிணற்றிலிருந்தது அப்பா சிறுவனாக இருந்தபோது விட்டது, என் காலத்தில் என் கையைவிடத் தடித்திருந்தது. அது இருக்கும்வரை தண்ணீர் போகாது என்று அப்பா நம்பினார், அப்பா நம்பியதால் நானும் நம்பினேன். பள்ளிக்கூடம் கிளம்பும்முன் எட்டிப் பார்ப்பேன். கண்ணில் படாவிட்டால் அன்றைக்கு ஒரு பாடமும் மண்டையில் ஏறாது.

நான் ஐந்தாவது படித்த வருஷம் ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. ஆறு இரு கரையும் தொட்டு ஓட, கிணறு தளும்பி வாய்க்கால் வழியாக ஆற்றுக்கே வழிந்தது. ஊரே சிரித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் விலாங்குக்கு என்னவோ ஆயிற்று. அம்மா போட்ட சோற்றைத் தொடவில்லை, கண்கள் பெருத்துவிட்டன, வயிறு வெள்ளிபோல வெளுத்துவிட்டது, ஓரிடத்தில் நில்லாமல் சுவரோரமாகவே சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு நாள் பாதி உடம்பு வாய்க்கால் புல்லில் கிடக்க, ஆற்றுப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்ததை அப்பா பார்த்துவிட்டார். கூடையால் அதைத் திருப்பித் தள்ளிவிட்டு, வாய்க்கால் வாயில் கொசுவலையை இழுத்துக் கட்டிக் கல் வைத்தார். "இது போச்சுன்னா நம்ம பொழப்பும் போச்சு கண்ணு" என்று என்னிடம் சொன்னார்.

விலாங்கு விடவில்லை. வலையில் முட்டி முட்டி அதன் மூக்குத்தோல் உரிந்து சிவந்துபோயிற்று. போனால் தண்ணீர் போய்விடும், இருந்தால் இது செத்துவிடும். எதை வேண்டிக்கொள்வது என்றே தெரியாமல் நான் சோறு இறங்காமல் கிடந்தேன்.

"ஏனுங்க, அது எங்கியோ போகோணும்னு துடிக்குதுங்க. உட்டுருங்க" என்றாள் அம்மா.

"சும்மா இரு அம்மணி. தண்ணி போச்சுன்னா நீயா கொண்டாந்து ஊத்துவே?"

அப்பா உரம் வாங்கத் தாராபுரம் போயிருந்தபோது அம்மா அரிவாளை எடுத்துவந்து வலையை அறுத்துவிட்டாள். வழுக்கிக்கொண்டு வாய்க்காலில் இறங்கிய விலாங்கு திரும்பிக்கூடப் பார்க்காமல் ஆற்றோடு போயிற்று. அப்பா வந்ததும் அவளே, "நாந்தானுங்க அறுத்துப்போட்டேன்" என்றாள். அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

அடுத்தடுத்த கோடைகளில் கிணறு வற்றியது. சுற்றிலும் ஆழ்துளைக் கிணறு போட்டிருந்தார்கள், எல்லார் கிணறும்தான் வற்றியது. ஆனால் எங்கள் வீட்டில் அதற்கு ஒரே காரணம்தான் இருந்தது, அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அப்பா திருப்பூர் போனார். அம்மா அந்தக் கிணற்றுப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டாள்.

கல்லூரியில் உயிரியல் படித்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. விலாங்கு ஆழ்கடலில் பிறக்கிறது. நூல்போன்ற குஞ்சுகள் ஆறேறி மலையடிவாரம்வரை வருகின்றன. வழியில் நீர்நாயும் பறவைகளும் அவற்றைத் தின்று கரையில் எச்சமிட, கடலின் சத்து காட்டு மரங்களின் வேருக்குப் போய்ச் சேர்கிறது. வளர்ந்த விலாங்கு, எங்கள் வயல் தவளையும் நண்டும் கொடுத்த கொழுப்பைச் சுமந்துகொண்டு, வாழ்நாளில் ஒரே ஒரு முறை கடலுக்குத் திரும்புகிறது, முட்டையிட்டுச் செத்துப்போக. அன்றே அம்மாவுக்குப் போன் செய்து, தண்ணீர் போனதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றேன். "அதை உங்கப்பாகிட்டச் சொல்லு கண்ணு" என்றாள்.

சொன்னேன். அப்பா, "அப்ப நாமதான் அத்தனை வருசமா அதைப் புடிச்சு வெச்சிருந்தமா?" என்று கேட்டார்.

இப்போது கிணற்றை மண் போட்டு மூடியாயிற்று. ஆற்றின் குறுக்கே கடல்வரைக்கும் தடுப்பணைகள். விரல் நீளக் குஞ்சு பிடித்ததாக யாரும் சொல்லி நான் கேட்டு வருஷங்கள் ஆகின்றன. ஆற்றில் தண்ணீர் விட்டால் போதும், அப்பா கரையோரம் குனிந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார். போன ஐப்பசியில் நானும் கூடப் போயிருந்தேன்.

"ஒண்ணும் ஏறி வரலியே கண்ணு. நம்மளுது கடலுக்குப் போய்ச் சேர்ந்திருக்குமா?"

எனக்கு எப்படித் தெரியும்? "சேர்ந்திருக்குமுங்கப்பா" என்றேன், அவர் முகத்தைப் பார்க்காமல்.