வேட்டுச் சத்தமும் வெள்ளை அணுக்களும்

போன வாரம் எங்கள் அண்ணன் தன் திராட்சைத் தோட்டத்தில் ஒரு வேட்டு போட்டார். ஒரே ஒரு வேட்டுதான்... அதற்கே இந்த வாரப் பத்தி முழுக்கப் போய்விட்டது!

கம்பத்துக்குப் பக்கத்தில் தோட்டம். அண்ணன் மகளுக்குக் கல்யாணமாகி, புது மாப்பிள்ளை முதல் விருந்துக்கு வந்திருந்தார். போடிக்காரர், லண்டனில் நுரையீரல் டாக்டர். மாப்பிள்ளை வந்தால் வேட்டு போடாமல் இருக்க முடியுமா? கௌரவம் என்னாவது? பொழுது சாயும் நேரத்தில் மாப்பிள்ளையோடு எங்களையும் தோட்டத்தைக் காட்ட அழைத்துப் போன அண்ணன், பந்தல் பக்கத்திலேயே பற்றவைத்துவிட்டார்.

மறந்தது ஒன்றே ஒன்று. பழம் பழுத்திருக்கும் நேரத்தில் தோட்டத்தில் வேட்டு போடுவது பன்றியை விரட்டத்தான்; அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம் — காட்டுப்பன்றி!

பக்கத்துத் தோட்டத்துக் காவல்காரர்கள் கம்போடு பாய்ந்து வந்தார்கள். "ஏலே, பன்னி உள்ள போயிருச்சு, விடாத!" ஒருவர் கல்லெறிய, ஒருவர் பந்தல் காலில் மோத... ஒரு மூலை சரிந்தது. கொத்துக் கொத்தாகப் பழம் தரையில். மறுநாள் காலை வியாபாரி லாரியோடு வருகிறார். அண்ணனின் ஒரு வருஷத்துப் பாடு அந்தப் பந்தலில்தான் தொங்கியது.

"பன்னி இல்லப்பா... எங்க வீட்டு மாப்ள வந்திருக்காக!" என்று அண்ணன் கத்திய பிறகுதான் கம்புகள் இறங்கின. மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டை முழுக்கத் திராட்சைச் சாறு.

அவருக்கோ சிரிப்பு அடங்கவில்லை. "எங்க ஆஸ்பத்திரியில நடக்குறதும் இதேதான், மாமா!"

நுரையீரல் கெட்டுப்போனவருக்கு வேறொருவரின் நுரையீரலை வைத்துத் தைத்து, ரத்தத்தைத் திறந்துவிடுகிறார்களாம். ரத்தமில்லாமல் காத்துக் கிடந்ததில் அது கொஞ்சம் அடிபட்டிருக்கும். அடிபட்ட இடம் எழுப்பும் சத்தம்தான் வேட்டு. பிறவியிலேயே உடம்புக்குள் இருக்கும் முதல் காவல்காரர்கள் — வெள்ளை அணுக்கள் — கிருமி இருக்கிறதா என்று விசாரிப்பதில்லை, பாய்ந்துவிடும். கிருமியைக் கொல்ல வைத்திருக்கும் சரக்கை அங்கேயே கொட்டும். விருந்தாளியாக வந்த நுரையீரல் வீங்கி நீர் கோத்துக்கொள்ளும்.

"அப்ப காவக்காரவுகள நிறுத்திர வேண்டியதுதான, மாப்ள?"

"நிறுத்துனா நெசப் பன்னி வந்துருமே மாமா! கொஞ்சம் அடக்கித்தான் வைக்கணும். எம்புட்டுன்னுதான் தெரியாம முழிக்கிறோம்."

காவல்காரர்களே வெட்கத்தோடு பந்தலைத் தூக்கிக் கட்டினார்கள். அந்த மூலை தவிர மற்றதெல்லாம் தப்பியது. விழுந்த பழம்? அங்கேயே சுற்றி உட்கார்ந்து எல்லோருமாகத் தின்று தீர்த்தோம். அப்படியொரு சந்தோஷமான விருந்தை நான் சாப்பிட்டதே இல்லை.

நமக்கு விழுகிற அடியெல்லாம் எதிரி கொடுப்பதா என்ன? பாதி, நம்மைக் காப்பாற்ற ஓடி வருகிறவர்கள் கொடுப்பது... அவர்கள் இல்லாமலும் முடியாது!

மறுநாள் லாரி நிறையப் பழம் போனது. மாப்பிள்ளையும் கிளம்பினார். அண்ணன் வேட்டு போடவில்லை; சந்தோஷத்தில் கை மட்டும் தட்டினார்.

அதற்கே வேலியோரம் இரண்டு கம்புகள் எட்டிப் பார்த்தன!