கைடின் பங்கு

அம்புரோஸ் மேல் எனக்கு ஏழு வருடக் கோபம். குளிருக்காக எங்கள் மீன்பிடி முகாம் மூடுவதற்கு முந்தின வாரம்தான், கனடா எல்லையில் இருக்கிற ரெய்னி ஏரியில் பெரிய மீன்கள் ஆழத்தில் ஒன்றுகூடும் வாரம். வருகிற விருந்தாளிகள் எல்லோரும் கேட்பது அவனைத்தான். அவனோ அந்த வாரம் மட்டும் ஒருத்தரையும் படகில் ஏற்றமாட்டான். அவனுடைய ஆட்களும் என் தலையில் விழுவார்கள். விரல் விறைத்து, மூக்கு ஒழுகி, நான் இரண்டு பேர் பாட்டைப் படுவேன். அம்புரோஸ் துரையோ காலியான படகை ஓட்டிக்கொண்டு தீவுகளுக்கு நடுவே மறைந்துவிடுவார்.

"ஏன்யா, பேய்களையா ஏத்திட்டுப் போற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆமா வேய்னோ. உன்ன மாதிரி தொணதொணக்காம வருதுங்க."

அவன் ஓஜிப்வே பழங்குடி, அக்கரை ஆள். நான் ஃபின்லாந்திலிருந்து மரம் வெட்ட வந்தவர் பேரன். இருவருக்கும் ஒரே முகாமில் கைடு வேலை, விருந்தாளிகளைப் படகில் கூட்டிப்போய் மீன் பிடிக்க வைப்பது. சந்தோஷமாக இருந்தால் என்னை 'நீஜீ' என்பான், அவர்கள் பேச்சில் நண்பன். மற்ற நேரமெல்லாம் மரமண்டை.

வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது. எதிர்காற்றில் படகின் பின்பக்கத்தை அலைக்குக் கொடுத்து, ஒரே பாறையின் மேல் அரைமணி நேரம் அசையாமல் நிறுத்துவான். அலை முதுகில் அடித்துக் காலருக்குள் இறங்கும். துடைக்கக்கூட மாட்டான். குளிர்காலம் நெருங்கினால் மீன் வெடுக்கென்று இழுக்காது. தூண்டில் கொஞ்சம் கனத்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். அந்த மீனை அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் வால்ஐ என்பார்கள், எங்களுக்கு அது பிக்கரெல். "இப்போ தூக்குங்க" என்று அவன் மெதுவாகச் சொன்னால் மீன் இருக்கும்.

அப்படிச் சொல்லிக் கேட்டு முதல் மீன் பிடித்தவள் நெப்ராஸ்காவிலிருந்து வந்த ஹால்வர்சன் அம்மாள். முதல் வருடம் புருஷனோடு வந்தாள். அந்த மனிதர் படகில் தூங்கியதுதான் அதிகம். மறுவருடம் அவர் இல்லை, தனியாக வந்தாள். அதற்குப் பிறகு ஐந்து இலையுதிர்காலம், அதே வாரம், அதே படகு. நடு இருக்கையில் சிவப்புத் திண்டு போட்டு உட்காருவாள். இருவரும் அதிகம் பேசினதாக எனக்குத் தெரியவில்லை. பக்கத்துப் படகிலிருந்து பார்த்தால் இரண்டு முதுகுதான் தெரியும்.

நடுப்பகலில் எல்லாப் படகும் ஏதாவது தீவில் ஒதுங்கும். கைடு தீ மூட்டி, பன்றிக் கொழுப்பில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் வறுத்து, காலையில் பிடித்த மீனைப் பொரிப்பான். மீனின் கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, கட்டைவிரல் நுனி அளவு ஒரு சதை உண்டு. ஒரு மீனுக்கு இரண்டுதான். அது கைடின் பங்கு. எங்கள் ஏரியில் எந்தக் கைடும் அதை யாருக்கும் கொடுக்கமாட்டான். பெற்ற பிள்ளை கேட்டாலும் யோசிப்பான்.

அவள் தனியாக வந்த முதல் வருடம், அதே தீவில் நானும் சமைத்துக்கொண்டிருந்தேன். அம்புரோஸ் கன்னச் சதையைத் தனியாகப் பொரித்து, உப்புத் தூவி, அவள் தட்டின் ஓரத்தில் வைத்தான். பிறகு மீன் வாலைக் கடித்துக்கொண்டு ஏரியைப் பார்த்து உட்கார்ந்தான். நான் கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன். அடுத்த நாலு நாளும் இதே கதைதான்.

"என்னய்யா இது?" என்றேன், கடைசி நாள் பாத்திரம் கழுவும்போது.

"பல்லு வலி."

"அஞ்சு நாளாவா?"

"உன் மூஞ்சியப் பாத்தா எல்லா வலியும் வருது, போடா."

அவளுக்கு எங்கள் வழக்கம் தெரியாது. ருசியாக இருக்கிறது என்று சாப்பிட்டாள்.

பிறகு ஒரு வருடம் அவள் வரவில்லை. அடுத்த வருடமும் இல்லை, இப்படியே ஏழு வருடம். விருந்தாளியிடம் கைடு எதையும் கேட்கக்கூடாது, அவர்கள் சொன்னால்தான் உண்டு. அவன் கேட்டதில்லை. அவள் விலாசம்கூட அவனுக்குத் தெரியாது. அந்த வாரத்தை மட்டும் காலியாக வைத்தான். விடிந்ததும் சிவப்புத் திண்டை நடு இருக்கையில் போட்டு, இரண்டு பேருக்கான உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டு கிளம்புவான். சாயங்காலம் திரும்பும்போது பாதி மூட்டை அப்படியே இருக்கும். அதை நான்தான் சமையல்கட்டில் கொண்டுபோய் வைப்பேன், திட்டிக்கொண்டே.

இந்த வருடம் செப்டம்பரில் அவனுக்கு நுரையீரலில் நீர் கோத்து, டவுன் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். இனி எழமாட்டான் என்று அவன் தங்கை என்னிடம் சொன்னாள்.

அக்டோபர் நடுவில் முகாம் முதலாளி டார்லீன் என்னைக் கூப்பிட்டாள். கையில் போன் இன்னும் இருந்தது.

"வேய்னோ, அந்த நெப்ராஸ்கா அம்மா வர்றாங்களாம். அவங்க அக்காவுக்குப் பக்கவாதமாம், இத்தன வருஷம் கூடவே இருந்து பாத்துக்கிட்டாங்களாம். இந்த வசந்தத்துல அக்கா போயிட்டாங்க. அம்புரோஸ் படகு காலியா இருக்கான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"காலியாத்தான் இருக்குன்னேன். வேற எதச் சொல்லவும் வாய் வரல."

அன்று மதியமே ஆஸ்பத்திரிக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவன் கட்டில் கம்பியைப் பிடித்து எழப் பார்த்தான். முடியவில்லை. இருமி முடிக்கவே வெகுநேரம் ஆனது.

"இங்க கூட்டிட்டு வரட்டுமா?" என்றேன்.

"மரமண்டை. ஏரியப் பாக்க வர்றவங்கள மருந்து நாத்தத்துக்கா கூட்டிட்டு வருவ?" கண்ணை மூடிக்கொண்டான். "என் படக எடுத்துக்க. திண்டு கொட்டகையில இருக்கு. பைன் மரம் ஒத்தையா நிக்குற தீவு தெரியும்ல? அதுக்கு வடக்க, தண்ணி கறுக்குற எடம். வேற எவனையும் அங்க ஏத்திட்டுப் போன, பேயா வருவேன்."

"அவங்க உன்னக் கேப்பாங்களே?"

"சாப்பிட்டப்புறம் சொல்லு. மொதல்லயே சொன்னா தட்டத் தொடமாட்டாங்க."

சன்னல் பக்கம் திரும்பிப் படுத்தான். தூங்கிவிட்டான் என்று நினைத்துத் தொப்பியை எடுத்தேன்.

"நீஜீ."

"என்னய்யா?"

"கன்னச் சதைய அவங்க தட்டுல வை. அது யாரோட பங்குன்னு இந்தத் தடவ சொல்லிடு."