ஸ்டெல்லாவின் செருப்பை வெயிலில் வைத்தது யார்?

எளாவூர் செக்போஸ்டில் லாரிகளுக்குப் பின்னால் கம்பெனி பஸ் நின்றிருந்தபோதுதான் செய்தி வந்தது. "ஸ்டெல்லா போய்ட்டாடி, மாரடைப்பாம்" என்று முன்சீட்டு அமுதா போனைப் பிடித்தபடி அலறினாள். பஸ்ஸே அழுதது. எனக்கு அழுகை வரவில்லை. நான் செத்தால் உங்களில் பாதிப் பேராவது அழுவீர்களா என்றுதான் தோன்றியது. உள்ளதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கும்மிடிப்பூண்டியில் பாட்டில் கழுவும் பிரிவில் நாங்கள் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம். ஷிப்ட் முடியும்வரை காலடியில் தண்ணீர்தான். என் விரலிடுக்கில் எப்போதும் சேற்றுப்புண். அவள் பாதமோ கல்யாணப் பெண் பாதம். எல்லாம் அந்தப் பின்வார் வைத்த ரப்பர் செருப்பின் மகிமை என்று நினைத்து, பொன்னேரியில் அதே கடையில் அதே நிறத்தில் நானும் வாங்கினேன். மூன்றே மாதத்தில் என்னுடையது நாறியது.

"வாங்கினா மட்டும் போதுமா வனஜா? தெனம் நல்ல தண்ணில கழுவு. வாருக்கு அடியில பழைய பிரஷ்ஷால தேய். நெழல்லதான் காயவெக்கணும், சூடு பட்டா சுருங்கிப் பூடும். காலையும் தொடச்சிக்கினு போடு" என்றாள். அதை எல்லோர் முன்னாலும் சொன்னாள். புதிதாக வந்த பெண்கள் அன்றிலிருந்து எதற்கும் அவளிடமே போய் நின்றார்கள்.

ஒரு சித்திரை மாதம், சாப்பாட்டு நேரத்தில் அவள் கழுவி ஜன்னலடி நிழலில் வைத்துவிட்டுப் போன செருப்பை எடுத்து, பாய்லர் அறையின் தகரக் கூரைமேல் வைத்தேன். வயிற்றெரிச்சல், வேறொன்றுமில்லை. அவள் வருவதற்குள் சின்னப் பிள்ளை செருப்பு மாதிரி சுருங்கிவிட்டது. குதிகால் வெளியே தொங்க நின்றாள். "இன்னாடி இது, யாரு வேல?" என்று எல்லோரும் கத்தினீர்கள். ஸ்டெல்லா என் முகத்தை ஒரு முறை பார்த்தாள். "நான்தான் மறந்து வெச்சிட்டேன். பேஜாரு பண்ணாதீங்க, போங்க" என்றாள்.

ஊருக்குத்தான் உபதேசம் என்று அவளுக்குப் பட்டப்பெயரே வைத்தோம். என் குரல்தான் அதில் உரக்கக் கேட்டது. அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்திலும் அமுதா அந்தச் செருப்புக் கதையைச் சொல்ல, அழுகைக்கு நடுவே சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

அவளிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது பொறாமைதான். காலழகில் முந்தினாள், பேரில் முந்தினாள், அதெல்லாம்கூடப் போகட்டும். மன்னிப்பதிலும் முந்திக்கொண்டாளே, பாவி! இனி அந்தக் கதையைச் சொன்னால் என் பெயரைப் போட்டுச் சொல்லுங்கள்.