அடுப்புக்குக் கேட்ட பங்குப்பத்திரம்

எழுபதுகளில் எனக்கொரு பைத்தியம். கம்பெனியைத் தொடங்கியவரே கையெழுத்திட்ட பழைய பங்குப்பத்திரங்களைத் தேடித்தேடிச் சேர்ப்பேன். போடிமெட்டு டீக்கடை ஒன்றில், ஏலக்காய்ப் பெட்டிக்கு அடியில் அப்படியொன்றை விரித்திருந்தார்கள். விஷயம் தெரிந்தால் தரமாட்டார்களோ என்று பயந்து, "அக்கா, அடுப்பு பத்தவைக்க அந்தப் பழைய பேப்பரைத் தாங்களேன்" என்றேன்.

கடைக்கார அக்கா உள்ளே போய் ஒரு கட்டு விறகோடு வந்தார். "அது பனியில நமுத்துப் போச்சு தம்பி, பத்திக்காது. இதக் கொண்டு போங்க, நல்லாக் காஞ்சது."

கூசிப்போய் உண்மையைச் சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

பத்திரத்தை முந்தானையால் துடைத்துக் கொடுத்தார். விறகையும் விட்டுவிட்டு வர விடவில்லை. பஸ்ஸில் மடிமேல் விறகுக்கட்டோடு, தனியாகச் சிரித்துக்கொண்டே மலையிறங்கினேன்.

என்னிடம் எத்தனையோ முதலாளிகளின் கையெழுத்து இருக்கிறது. அந்த அக்காவின் பெயரைத்தான் கேட்காமல் வந்துவிட்டேன்.